பேச வேண்டாத வேலையும் பெயிண்ட் அடித்த சுமைதாங்கியும்

பெத்தேல் வீடு,
சிதறால் போகும் ரோடு.
சனிக்கிழமை மத்தியானம், மழைக்கோள்.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய பெனிஷ் அண்ணனுக்கு, உங்கள் சித்தி மகள் பெமிலா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், அடையில் இருக்கும் கோழியும் சுகம். நீங்களும் தோஹாவில் ஏசி அறையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நான் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். இனிமேல் மரியாதை எங்கேயாவது குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் யார் எழுதுவார்கள், வாட்ஸ்அப் இல்லையா என்று கேட்பீர்கள். என் போனில் இப்போது ஒரு ‘ம்’ அனுப்பக்கூட இடமில்லை. உள்ளே முழுக்கக் கல். வலப்பக்கக் கல், இடப்பக்கக் கல், கீழே குனிந்து எடுத்த கல், ஸ்டூல் போட்டு ஏறி எடுத்த கல். எல்லாம் நீங்கள் சொல்லி எடுத்தவை. அழிக்கவும் பயமாக இருக்கிறது, மறுபடி கேட்டுவிட்டால் என்ன செய்வது? லிஜின் அண்ணன் லீவு முடிந்து நாளைக்கு ஆராதனை கழிந்ததும் தோஹாவுக்குப் புறப்படுகிறார். அம்மா உங்களுக்குக் கொடுத்துவிடும் முந்திரிக்கொத்து டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். முதலில் கடிதத்தைப் படியுங்கள். முந்திரிக்கொத்து அப்புறம்.

நீங்கள் சொன்னதை உங்களுக்கே நினைவுபடுத்துகிறேன். போன மாதம் அம்மாவோடு வீடியோ காலில் பேசினீர்கள், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ‘சித்தி, பெமிலாவ துணிக்கடைக்கெல்லாம் அனுப்பாண்டாம். எங்க சர்வே கம்பெனிக்கு ஆளு வேணும். ஒரு சாமானச் சுத்திச் சுத்தி போட்டோ எடுத்துப் போட்டா, கம்ப்யூட்டரே அத முழு உருவமா செஞ்சு தரும், நாலு பக்கமும் திருப்பிப் பாக்கலாம். வீட்டுல இருந்தே செய்யலாம். ஆருட்டயும் ஒரு வார்த்த பேசாண்டாம்’ என்றீர்கள். அம்மா உடனே, ‘ஆருட்டயும் பேசாண்டாமா? அப்ப இது இவளுக்குன்னே கர்த்தர் உண்டாக்குன சோலி’ என்றாள். நான் கதவுக்குப் பின்னால் அழுதேவிட்டேன், சந்தோஷத்தில்.

ஏனென்றால் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டது படிப்பு ஏறாமல் இல்லை. எழுந்து நின்று வாசி என்று சொன்னால் என் தொண்டையில் யாரோ தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட என்னை மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வாசல் பெண்ணாக நிற்க அம்மா பேசி முடித்திருக்கிறாள். அங்கே சூப்பர்வைசராக இருக்கிற சபிதா அக்கா நம் சபைதான். வருகிற திங்கள்கிழமை சேர வேண்டும். காலையில் இருந்து ஷட்டர் இறக்குகிறவரை வாசலில் நின்று, ‘வாங்கக்கா, வாங்கண்ணே, என்ன பாக்கணும்?’ என்று போகிற வருகிற எல்லாரையும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர்கள், ‘ஒண்ணும் வேண்டாம், மழைக்கு ஒதுங்குனோம்’ என்று சொல்லிவிட்டால் நான் அடுத்து என்ன சொல்ல வேண்டும்? இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு பொருளின் உருவத்தைச் செய்து உங்கள் மேனேஜருக்கு அனுப்பினால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் திங்கள்கிழமை நான் துணிக்கடை வாசலில். இதுதான் நிலைமை. இதற்காகத்தான் நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

‘மூணே கிளிக்கு மக்கா, அம்புட்டுதான்’ என்றீர்கள். அண்ணா, அந்த மூன்று கிளிக்குக்கு முன்னால் எத்தனை பேரிடம் நான் வாய் திறக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் வேண்டும். சபை ஆபீஸில் புதிது வாங்கிவிட்டு பழையதை ஓரமாகப் போட்டிருந்தார்கள். அதைக் கேட்க உபதேசியாரிடம் நான் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. பேச வேண்டாத வேலைக்கு இது முதல் பேச்சு. அடுத்து நெட் வேண்டும். என் போனில் ஒரு நாளைக்குக் கிடைக்கிற நெட்டை வைத்துக்கொண்டு உங்கள் மென்பொருளை இறக்கினால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். அதனால் அடுத்த வீட்டு சொர்ணம்மாள் அத்தையிடம் போய் வைஃபை கேட்டேன். அத்தை என்னைக் கால் முதல் தலைவரை பார்த்துவிட்டு, ‘ஏட்டி, உனக்குப் பேச வருமா? நான் இத்தன நாளும் ஊமைன்னுல்லா நெனச்சேன்’ என்றார். அதோடு விட்டாரா, உள்ளே திரும்பி, ‘இன்னா, செல்வதாஸ் மவ பேசுதா, வந்து பாருங்க’ என்று மாமாவையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். வீட்டுக்குள் உட்கார எனக்குக் கூச்சம், அதனால் அவர்களுடைய கார் ஷெட்டில் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறக்கினேன். நாய் மட்டும்தான் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

‘இது இலவசம், ஓப்பன் சோர்ஸ், ஆரு வேணும்னாலும் எடுக்கலாம், உள்ள என்ன இருக்குன்னு தொறந்தே பாக்கலாம்’ என்று பெருமையாகச் சொன்னீர்களே, நானும் திறந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. மூடிவிட்டேன். அப்புறம் முதல் கிளிக் செய்தேன். வந்தது. இரண்டாவது கிளிக் செய்தேன், வந்தது. மூன்றாவது கிளிக்கில், உன் கம்ப்யூட்டரில் இன்ன கிராபிக்ஸ் கார்டு இல்லை, அது இல்லாமல் நான் வேலை செய்ய மாட்டேன் என்று அது கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இதை முதல் கிளிக்கிலேயே சொன்னால் என்ன? நீங்கள், ‘அப்ப வேற ஒண்ணு உண்டு, கார்டு இல்லாமலும் ஓடும், கொஞ்சம் பைய ஓடும்’ என்றீர்கள். சரி என்று அதை இறக்கினேன். அது தரையில் கால் வைக்காதாம், அது நிற்பதற்கு வேறொரு மென்பொருள் அடியில் வேண்டுமாம். அதையும் இறக்கினேன். அப்புறம் உருவத்தில் விழும் ஓட்டையை அடைக்க ஒன்று, காற்றில் தொங்கும் புள்ளிகளைப் பொறுக்கி எறிய ஒன்று, அளவு பார்க்க ஒன்று. அண்ணா, பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் மட்டும் வருவார்கள் என்று சொல்லிவிட்டு இரண்டு வேன் நிறைய ஆட்களை இறக்குவார்களே, அந்த மாதிரி இருந்தது எனக்கு. அதிலும் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் கொடுக்கும் கோப்பு அடுத்தவருக்குப் பிடிக்காது. எல்லாருக்கும் நடுவில் ஓடி ஓடிச் சமாதானம் செய்ய நான் ஒருத்தி.

இதெல்லாம் போகட்டும். யூசர் பெயர் விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு நீங்கள் அம்மாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் சபை ஆபீஸில் இருந்தபோது, அங்கே டைப் அடிக்கிற ஜெரிஷ் அண்ணன் அதில் யூசர் பெயராகத் தமிழில் ‘கர்த்தர் நல்லவர்’ என்று வைத்திருக்கிறார். உங்கள் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கண்டால் கண் தெரியாதாம். படங்கள் அந்தப் பெயருக்குள் இருப்பதால், படம் இருக்கும் இடத்தையே காணோம் என்று சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டு நின்றுகொள்ளும். அதற்கு நீங்கள் அனுப்பிய குரல்பதிவை நான் ஸ்பீக்கரில் போட்டது தப்புத்தான். ‘அந்தப் பேர அழிச்சிட்டு வேற போடு மக்கா’ என்று உங்கள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. மீன் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு வந்து நின்றாள்.

‘எந்தப் பேர அழிக்கணும்?’

‘கம்ப்யூட்டர்ல உள்ள பேரும்மா. தமிழ்ல இருந்தா இது ஓடாது.’

‘என்ன பேருட்டி அது?’

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

‘ஏட்டி, கர்த்தர் நல்லவர்னு இருக்கதையா அழிக்கப்போற? அழிச்சிட்டு அந்த ஸ்கிரீன்ல என்ன உருவத்த உண்டாக்கப்போற? ஒங்கப்பன் தெனமும் ஏணியில ஏறுத மனுசன், பாத்துக்கோ!’

அப்பா பெயிண்டர் என்பதால் எங்கள் வீட்டில் எந்த விவாதமும் ஏணியில் போய்த்தான் முடியும். அம்மா உபதேசியாரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘அத அழிக்காண்டாம், அது அங்ஙன இருக்கட்டும். பக்கத்துல வேற ஒரு பேரு உண்டாக்கிக் குடுக்கேன். ஆனா அதும் சாட்சியுள்ள பேரா இருக்கணும்’ என்று சொல்லி, அவரே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, ஆங்கிலத்தில் ‘ஜீசஸ் நெவர் பெயில்ஸ்’ என்று போட்டார். அம்மாவுக்கும் திருப்தி. பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தாலும் உங்கள் மென்பொருளுக்கு ஆகாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை. நான் ஓடவிட்டேன். சற்று நேரத்தில் சிவப்பு எழுத்து வந்தது. உபதேசியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து சத்தமாக வாசித்தார்: ‘பெயில்ட்.’

எங்கள் மூன்று பேரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உபதேசியார் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, ‘இத சபையில சொல்லாண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் வீட்டுப் பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்தேன். பெத்தேல். இடைவெளி இல்லை, வேதத்திலும் இருக்கிறது. அம்மா ஒத்துக்கொண்டாள். இது நானாகக் கண்டுபிடித்தது. உங்கள் மூன்று கிளிக்கில் இது எங்கேயும் இல்லை.

இனிக் கல். நீங்கள் சிதறால் மலைக்குப் போய்ப் பாறைச் சிற்பத்தை எடு என்றீர்கள். அங்கே போனால் டூர் வந்தவர்கள் எல்லாரும், ‘எங்களையும் ஒண்ணு எடுத்துத் தாம்மா’ என்று போனை நீட்டுவார்கள், நான் பாறைக்குள் போய் ஒளிய வேண்டும். அதனால்தான் நம் வீட்டு நடைக்கு எதிரே ரோட்டோரத்தில் நிற்கும் சுமைதாங்கியைத் தேர்ந்தெடுத்தேன். உங்களுக்கு மறந்திருக்காது, சின்ன வயதில் அதன்மேல் ஏறி விழுந்து பல் உடைத்தவர் நீங்கள். தலைச்சுமைக்காரர்கள் இறக்கிவைக்க நட்ட இரண்டு கல், மேலே ஒரு குறுக்குக் கல். பாசி, வெடிப்பு, எப்போதோ யாரோ ஒட்டிய நோட்டீஸின் மிச்சம், எல்லாம் இருந்தது. ‘கொள்ளாம், சூப்பர், இந்த மாதிரி சொரசொரப்பா இருந்தாத்தான் கம்ப்யூட்டருக்கு அடையாளம் கெடைக்கும்’ என்று நீங்களே மெச்சினீர்கள். பக்கத்தில் எதுவும் அசையக்கூடாது என்றும், அளவு தெரிந்த ஏதாவது ஒன்றைக் கூட வைத்து எடு, அப்போதுதான் கல் எவ்வளவு பெரிது என்று தெரியும் என்றும் சொன்னீர்கள். எல்லாம் சரி.

ஆனால் நம் ஊரில் ஒரு ஆள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தோஹாவுக்குப் போனதும் மறந்துவிட்டீர்களா? நான் போனைத் தூக்கினதும் சொர்ணம்மாள் அத்தை வந்து கல்லில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். நான் அந்தப் பக்கம் போனேன், அத்தையும் அந்தப் பக்கம் வந்து சிரித்தார். மீன்காரர் ஸ்டெனி அண்ணன் வண்டியை நிறுத்தி மீன்பெட்டியைத் தூக்கிக் கல்மேல் வைத்துவிட்டு, ‘பெட்டியும் விழட்டும் பிள்ளே, நம்ம யாவாரத்துக்கு ஒரு வெளம்பரம்’ என்றார். விலகி நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. எடுத்துக்கொண்டே போனேன். கம்ப்யூட்டரில் போட்டால், அது எங்கேயோ ஒரு கல்லில் இருந்து ஏழெட்டு முழங்கை முளைத்த மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தது. அம்மா பார்த்துவிட்டு, ‘இதுக்குத்தான் நான் பேர அழிக்காண்டாம்னு சொன்னேன்’ என்றாள்.

சரி, மறுநாள் ஆட்கள் குறைவான நேரமாகப் பார்த்து எடுக்கலாம் என்று இருந்தேன். அண்ணா, மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டே நடைக்கு வந்து ரோட்டைப் பார்த்தேன். சுமைதாங்கி பளபள என்று பல் மாதிரி வெள்ளையாக நின்றது. அப்பா விடிந்ததும் எழுந்து போய், கம்பிப் பிரஷ் வைத்துப் பாசியை எல்லாம் சுரண்டி, வெடிப்பில் பட்டி பார்த்து, மிச்சம் இருந்த வெள்ளை இனாமலைக் கனமாக ஒரு கோட்டிங் அடித்து, அடியில் நீல பார்டர் வேறு போட்டிருக்கிறார். பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

‘கல்ஃப்ல உள்ளவங்க பாக்கப்போற கல்லுல்லா மக்கா. பாசி புடிச்சுக் கெடந்தா நம்ம வீட்டப்பத்தி என்ன நெனப்பாவ? இப்பப் பாரு, மொகம் தெரியும்.’

முகம்தான் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. வழவழ வெள்ளையில் எந்தப் படத்திலும் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. உங்களுக்குச் சொன்னதற்கு நீங்கள், ‘ஐயோ, பெயிண்ட் அடிக்கப்பிடாதுன்னு தெரியாதா?’ என்று கேட்டீர்களே, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லென்ஸைத் துடை என்று சொன்னீர்கள், வெயில் வேண்டாம் என்று சொன்னீர்கள், ஒரு படத்தில் பாதி அடுத்த படத்திலும் விழ வேண்டும் என்று சொன்னீர்கள், இதை ஏன் சொல்லவில்லை? நம் ஊரில் போட்டோ என்றால் அழகுபடுத்தாமல் யாராவது எடுத்திருக்கிறார்களா? பெட்டியில் கிடத்தியிருக்கிற ஆளுக்கே தலைசீவி பவுடர் போட்டுத்தானே சுற்றி நின்று போட்டோ எடுக்கிறோம்? கல்லை மட்டும் அழுக்கோடு எடுக்க வேண்டும் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அதை அப்பாவிடம் நான் இப்படி நியாயமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘எல்லாத்தையும் நாசமாக்கிட்டிய’ என்று ஒரே ஒரு வரி சொன்னேன். அதற்கப்புறம் அவரிடம் பேசவே இல்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தானே.

நாள் வேறு நெருங்கிவிட்டது. நேற்று வெள்ளிக்கிழமை காலையில் செம்மண்ணையும் கரித்தூளையும் கஞ்சித் தண்ணீரில் குழைத்து ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு போய், சுமைதாங்கி மேல் அள்ளி அள்ளி எறிந்தேன். புள்ளி புள்ளியாக ஒட்ட வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் பார்ப்பவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாதே. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

‘ஏட்டி, ஒங்கப்பன் அடிச்ச பெயிண்டு மேல சாணியா எறியுத?’

‘சாணி இல்லம்மா. மண்ணு.’

‘எதானா என்ன! நாலு பேரு பாக்க ரோட்டுல நின்னு எறியுதியே!’

சொர்ணம்மாள் அத்தை மதில்மேல் எட்டிப் பார்த்து, ‘நான் அன்னைக்கே நெனச்சேன், பேசாத பிள்ள திடீர்னு பேசும்போதே. உபதேசியார விளிங்க’ என்றார். ஸ்டெனி அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். பால் வாங்கப் போனவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லாரும் கூடிவிட்டார்கள். அப்பாவும் வந்தார். அவர் அடித்த பெயிண்டின்மேல் நான் சேற்றை எறிவதைப் பார்த்தார். மழை வரும்போல இருந்ததால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மதில் ஓரமாகப் போய் நின்றார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வானம் நீங்கள் சொன்ன மாதிரியே மூடலாக இருந்தது. இதை விட்டால் வேறு நேரம் இல்லை. போனைத் தூக்கினேன். அத்தை மதிலைச் சுற்றிக்கொண்டு வருகிறார், ஸ்டெனி அண்ணன் பெட்டியைத் தூக்குகிறார், அம்மா துணியோடு கல்லைத் துடைக்க வருகிறாள், அந்தப் பக்கம் மினி பஸ் திரும்புகிறது. என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தொண்டையில் இருந்த தாழ்ப்பாள் தெறித்துப் போயிற்று.

‘ஆரும் அனங்கப்பிடாது! அங்ஙன அங்ஙனயே நில்லுங்க! ஒரு ஆளு காலு எடுத்து வச்சா பாத்துக்கிடுங்க!’

அது என் குரல் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் நின்றார்கள். அம்மா துணியோடு நின்றாள். ஸ்டெனி அண்ணன் பெட்டியைத் தூக்கினபடியே நின்றார். மினி பஸ்ஸும் நின்றுவிட்டது, டிரைவர் தலையை வெளியே நீட்டி, ‘என்ன பிள்ளே, ஆருக்காவது அடிபட்டுப் போச்சா?’ என்றார். ‘உங்களயும் சேத்துத்தான் நிக்கச் சொன்னேன்!’ என்றேன். அண்ணா, நான் சொன்னேன், இந்த வாயால்.

ஆனால் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? நான் பாதிச் சுற்று வருவதற்குள் பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று, ஸ்டெனி அண்ணன் மீன் கெட்டுப்போகும் என்று போனார், அத்தை சிரித்துக்கொண்டே குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார், அம்மா, ‘அடுப்புல குழம்பு’ என்று ஓடினாள். நான் கல்லை மட்டும் பார்த்து, சுற்றிச் சுற்றி எடுத்து முடித்தேன். முடித்ததும் வெட்கம் வந்து தலையில் ஏறிவிட்டது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே வந்த பிறகுதான் அளவுக்கு வைக்கச் சொன்ன ஸ்கேல் என் பாவாடைப் பையிலேயே இருந்தது தெரிந்தது.

படங்களைப் போட்டு ஓடவிட்டேன். நேற்று மத்தியானம் கரண்ட் போயிற்று. முதலில் இருந்து ஓடவிட்டேன். இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பைய ஓடும் என்றீர்களே, ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்குப் பைய. கம்ப்யூட்டர் மோட்டார் பம்ப் மாதிரி இரைகிறது, கோழி பயந்து அடையை விட்டு எழுந்துவிட்டது. ஊரில் எனக்கு ‘அனங்கப்பிடாது’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். பஸ்ஸில் போகிறவர்கள் நம் வீட்டைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்து காட்டுகிறார்கள்.

ஆகையால் உறுதியாக எழுதுகிறேன். எனக்கு இந்த வேலை வேண்டாம். பேச வேண்டாத வேலை என்று சொல்லி, என் ஆயுளுக்கும் பேசியதைவிட அதிகமாக ஒரே வாரத்தில் பேச வைத்துவிட்டீர்கள். திங்கள்கிழமை நான் துணிக்கடைக்கே போகிறேன். அங்கே ‘வாங்கக்கா’ என்று ஒரு வரியைச் சொன்னால் போதும், யாரும் என்னை அளவு கேட்க மாட்டார்கள். கம்ப்யூட்டரைச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன். உங்கள் மேனேஜரிடம் சித்தி மகள் இறந்துவிட்டாள் என்றுகூடச் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

இத்துடன் முடிக்கிறேன். கர்த்தர் உங்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை காத்து, மணற்காற்றில் இருந்தும் ஏசிக் குளிரில் இருந்தும் விலக்கி, சொந்தக்காரர்களிடம் மூன்று கிளிக் என்று சொல்லாத நாவைத் தந்தருளுவாராக. பெரியம்மா முட்டுவலிக்கு எண்ணெய் அனுப்பச் சொன்னார்கள். அம்மா ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

கோபத்தோடும், அதனால் குறையாத அன்போடும்,
தங்கை பெமிலா.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை காலை. லிஜின் அண்ணன் வாசலில் வந்து நின்றார், அவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்துவிட்டு (நானே கூப்பிட்டேன்) இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் உங்களைத் திட்டின பகுதிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

ஆராதனைக்குப் போய்வந்து பார்த்தால் இரைச்சல் நின்றிருந்தது. உருவம் வந்துவிட்டது அண்ணா. சுமைதாங்கி நிற்கிறது. மூன்று கல்லும், நான் எறிந்த ஒவ்வொரு சேற்றுப் புள்ளியும், நீல பார்டரும். திருப்பினால் திரும்புகிறது. பஸ் வரவில்லை, அது நின்ற இடத்தில் நீலமாக ஏதோ கரைந்து கிடக்கிறது. அம்மா வரவில்லை. ஸ்டெனி அண்ணன் வரவில்லை. சொர்ணம்மாள் அத்தையின் நைட்டியில் இருந்த பூ மட்டும் ஆளில்லாமல் காற்றில் தொங்கியது, அதைப் பொறுக்கி எறிந்தேன். பொறுக்குகிற மென்பொருள் நல்ல மென்பொருள்தான். அசைந்தவர்கள் யாருமே வரவில்லை.

மதில் பக்கம் திருப்பினேன். அங்கே அப்பா நிற்கிறார். குடை, கட்டம் போட்ட லுங்கி, பெயிண்ட் தெறித்த சட்டை, எல்லாம் முழுசாக. முகம் கொஞ்சம் மெழுகு மாதிரி உருகியிருக்கிறது, ஆனால் அப்பாதான். அம்மாவைக் கேட்டேன். ‘நீ உள்ள போய் கதவச் சாத்துன பெறவும் அந்த மனுசன் அங்ஙனயேதான் நின்னாரு, தூறல் போட்டு நான் போய் விளிக்கது வரைக்கும்’ என்றாள். அப்பாவிடம் போய் ஏன் என்று கேட்டேன். சுமைதாங்கி விஷயத்துக்கு அப்புறம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் பிரஷைக் கழுவிக்கொண்டே, ‘நீதான மக்கா அனங்கப்பிடாதுன்னு சொன்ன. போலாம்னு சொல்லலியே’ என்றார்.

உருவம் இன்று சாயங்காலம் அத்தை வீட்டு வைஃபையில் இருந்து வரும், கார் ஷெட்டில் இல்லை, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து அனுப்புவேன். மதில் பக்கம் நிற்கும் ஆளைப் பொறுக்கி எறி என்று உங்கள் மேனேஜர் சொன்னால் எறிய மாட்டேன். அது தேவையில்லாத புள்ளி இல்லை, அளவு. ஐந்தடி நாலு அங்குலம், செருப்போடு சேர்த்து, இப்போதுதான் டேப் வைத்துப் பார்த்தேன். கல்லை அதை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். நானே எடுத்துப் பேசுவேன்.